வில் வளைத்த கைவினைஞர்

வயலின் செய்தவர்களுள் பெயர் பெற்றவர் யார் என்று கேட்டால், இசையறியாதாரும் இத்தாலி நாட்டு ஸ்திராடிவாரியின் பெயரைச் சொல்லிவிடுவர். அந்த வயலினைப் பேச வைக்கும் வில்லுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், வாசிப்போரிற் பலரும் விழிப்பர். நானும் அவ்வாறு விழித்தவனே.

மாணவனாயிருந்த காலத்தில் எனது வில்லின் கோல் வளைவிழந்து நேராகிவிட்டது. வாசித்து முடித்ததும் மயிரைத் தளர்த்தாது பெட்டியில் வைத்த குற்றம் என்னுடையது. செப்பனிடக் கொடுத்தேன். ஒருவர் அதனை விளக்குச் சுடரின்மேற் பிடித்து வளைத்துத் தந்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தது. இரண்டு வாரத்தில் கோல் மீண்டும் நிமிர்ந்தது. கருகிய தடம் மட்டும் நிலைத்தது. ஏன் நிமிர்ந்தது என்று தேடிச் சென்ற வழியிலேதான் பிரான்சுவா சவியே தூர்ட் என்பாரின் வாழ்க்கையை அறிந்தேன்.

அவர் பாரிஸ் நகரத்தவர். தந்தையாரும் தமையனாரும் வில் செய்பவர்கள். இவரையோ மணிக்கூடு செய்யும் தொழிலுக்கு அனுப்பினர். எட்டு ஆண்டுகள் அத்தொழிலில் உழைத்தும் ஊதியம் போதாமையால், இளைஞர் குலத்தொழிலுக்கே திரும்பினார். எழுதவும் படிக்கவும் அவர் கற்றதில்லை என்பர். ஆனால் மணிக்கூட்டுப் பட்டறையிற் பழகிய கை, மயிரிழை வேறுபாட்டையும் உணரும் கையாகிவிட்டது. நல்ல மரம் வாங்கப் பணமில்லாமையால், சீனிப் பீப்பாய்களின் பலகைகளைச் சீவிக் கோல்கள் செய்து பழகினார். அவற்றை மிகச் சொற்ப விலைக்கு விற்றார்.

அக்காலத்து விற்கள் பலவகைப்பட்டன. நீளம் ஒன்றுக்கொன்று ஒவ்வாது. பழைய விற்களின் கோல் வேட்டுவன் வில்லைப்போல் வெளிப்புறமாகப் புடைத்திருந்தது. 1782இல் வியோட்டி என்ற இத்தாலிய வித்துவான் பாரிஸுக்கு வந்தார். நீண்ட, வலிய, உருக்கமான நாதத்தை விரும்பியவர் அவர். அவருடைய ஆலோசனை தூர்ட்டுக்குத் துணையாயிற்று என்பது மரபு. கோலை மயிரின் பக்கமாக உள்வளைத்ததே தூர்ட்டின் பெருஞ்செயல். இவ்வளைவினால் மெல்லிய கோலும் அழுத்தத்தைத் தாங்கும். அடியிலிருந்து நுனிவரை நாதம் தளராது. இவ்வடிவை முதலில் எண்ணியவர் அவர் ஒருவரே என்று சொல்வதற்கில்லை. பிறரும் அந்நாளில் முயன்றனர். நிறைவு செய்தவர் அவர்.

எந்த மரத்தை வளைப்பது? பலவற்றையும் சோதித்த பின், பிரேசில் நாட்டுப் பெர்னாம்புக்கோ மரத்தைத் தேர்ந்தார். சாயத்துக்காகக் கப்பலேறிய மரம் அது. இங்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிரேசில் என்பது முதலில் நமது பக்கத்துப் பதங்க மரத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர். அதனைப் போன்ற செஞ்சாய மரம் மிகுந்திருந்ததாலேயே அந்நாட்டுக்கும் அப்பெயர் வாய்த்தது. முறுக்கும் முடிச்சும் நிறைந்த அந்த மரத்தில் நேரான நாருள்ள துண்டு கிடைப்பது அரிது. ஒரு சில கோல்களுக்காக 8,000 அல்லது 10,000 கிலோகிராம் மரத்தையும் அவர் பிளந்து பார்த்தார் என்று ஃபேட்டிஸ் என்னும் இசை வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

என் கோல் நிமிர்ந்ததற்கு விடை தூர்ட்டின் பட்டறையிலேதான் இருந்தது. அவர் நேரான கோலைச் சூடேற்றி வளைத்தார். வெம்மை நடுநார்வரை ஊறும்வரை பொறுத்திருந்தார். மேற்புறம் மட்டும் சூடேறினால், வளையாத உள்நார்கள் மற்றவற்றை மெல்ல இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். எனக்குச் செப்பனிட்டவர் அவசரப்பட்டார். நான் அவரை அவசரப்படுத்தினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வயலின் வில்லின் நீளத்தை 74 முதல் 75 சென்றிமீற்றராக அவர் நிலைநிறுத்தினார். உருண்டு திரண்டு கிடந்த குதிரை மயிரை நாடாப்போற் பரப்பி, உலோகப் பூணால் இறுக்கினார். மயிரை இழையிழையாகத் தெரிந்தெடுத்தவர் அவர் மகளார். கோலுக்கு வார்னிஷ் பூசுவதில்லை. நுரைக்கல் தூளும் எண்ணெயுமே மெருகு. அவர் மறைந்த பின் வுய்யோம் என்ற வயலின் வினைஞர் அவருடைய விற்களை அளந்தார். கைப்பிடியருகே 11 சென்றிமீற்றர் வரை ஒரே பருமன், 8.6 மில்லிமீற்றர், பின்னர் சிறுத்துச் சிறுத்துத் தலையருகே 5.3 மில்லிமீற்றர். அச்சிறுத்தல் ஒரு கணித விதிக்கு இணங்கியிருந்தது. இவ்வாய்வு 1856இல் ஃபேட்டிஸின் நூலில் வெளிவந்தது. பள்ளி காணாத கை அவ்விதியை எங்ஙனம் கண்டது என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

அவர் கையாண்ட மரம் இன்று அருகிவிட்டது. 2007 முதல் அதன் வாணிபம் அனைத்துலக உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

முதுமையிலும் பகலெல்லாம் வேலை செய்தார். மாலையில் செயின் நதிக்கரையில் தூண்டிலிட்டு அமர்ந்திருப்பார். 1835இல் மறைந்தார். தம் விற்களில் அவர் பெயர் பொறிப்பதில்லை. கோலின் உட்குழிவில் ஒட்டிய ஒரு சிறு கடதாசித் துண்டு மட்டும், 1824இல் தமது 77ஆம் வயதிற் செய்தது என்று கூறுகிறது. அவர் எழுத்தறியாதவர் என்பது மெய்யானால், அதனை எழுதிய கை வேறொருவருடையது.