விலாங்கின் பிறப்பிடம் தேடியவர்

ஐரோப்பிய ஆறுகளில் விலாங்கு மீன்கள் மலிந்திருந்தன. ஆயினும், அவை முட்டையிட்டதை எவரும் கண்டதில்லை. சேற்றிலிருந்து தாமாகவே தோன்றுகின்றன என்று அரிஸ்டாட்டில் கருதினார். ஈராயிரம் ஆண்டுகள் நீடித்த இப்புதிரின் விடையைத் தேடித் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கடலுக்கு அளித்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் யோகன்னஸ் ஷ்மிட்.

1877ஆம் ஆண்டில் பிறந்த ஷ்மிட் அடிப்படையில் தாவரவியலாளர். கண்டல் மரங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். உணவு மீன்களின் குஞ்சுகளை ஆராயும் பணியே அவரைக் கடலுக்கு அழைத்துச் சென்றது. 1904இல் பரோயே தீவுகளுக்கு மேற்கே, ‘தோர்’ என்னும் கப்பலிலிருந்து இழுத்த வலையில் 77 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உயிர் கிடைத்தது. இலைபோல் தட்டையாகவும் கண்ணாடிபோல் தெளிவாகவும் இருந்த அது விலாங்கின் இளவுயிரி. இத்தகைய இளவுயிரியே விலாங்காக மாறுகிறது என்பதை இத்தாலிய அறிஞர்கள் கிராசியும் கலாந்துருச்சியோவும் முன்னரே கண்டறிந்திருந்தனர். ஆனால், அதுவரை அது மத்தியதரைக் கடலில் மட்டுமே அகப்பட்டிருந்தது.

ஷ்மிட்டின் வழி எளியது. இளவுயிரி எவ்வளவு சிறியதோ, பிறப்பிடம் அவ்வளவு அருகில். ஆகவே, குறையும் நீளத்தைப் பின்பற்றிக் கப்பலைச் செலுத்த வேண்டும். சொல்வதற்கு எளிதான இதைச் செய்வதற்குத்தான் இரு பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

முதல் இடர் வலையில் இருந்தது. வலைக்கண் மிக நுண்ணியதாயின் நீர் உட்புகாமல் தடைப்படும். முன்னே தள்ளப்படும் நீரோடு இளவுயிரியும் விலகிவிடும். கண் அகன்றதாயின் புகுந்தது நழுவிவிடும். இரண்டிற்கும் இடைப்பட்ட முரட்டு நெசவுத் துணியாலான பெரிய வளைய வலைகளை அவர் பயன்படுத்தினார். விடும் வடத்தின் நீளத்தை மாற்றி வெவ்வேறு ஆழங்களில் வலையை இழுத்தார். அகப்பட்ட ஒவ்வொன்றையும் அளந்தார். உடலின் தசைக்கண்டங்களை எண்ணினார். ஐரோப்பிய விலாங்கின் முள்ளெலும்புகள் ஏறத்தாழ 115. அமெரிக்க விலாங்கிற்கு 107. வேறு அடையாளம் தெரியாத அவ்விளம்பருவத்தில், இவ்வெண்ணிக்கையே இரண்டையும் பிரித்துக் காட்டியது.

மத்தியதரைக் கடலில் கிழக்கே செல்லச் செல்ல இளவுயிரிகள் நீண்டிருந்தன. அவை அட்லாண்டிக்கிலிருந்து வருவன என்பது அதனால் புலப்பட்டது. அப்பெருங்கடல் முழுவதும் ஒரு கப்பலால் செல்ல இயலாது. எனவே, வணிகக் கப்பல்களின் தலைவர்களிடம் வலைகளைக் கொடுத்தனுப்பினார். 1913இல் புறப்பட்ட ‘மார்கரெத்தே’ என்னும் பாய்க்கப்பல் மேற்கிந்தியத் தீவுகளில் தரைதட்டி அழிந்தது. தொடர்ந்து முதல் உலகப்போர் மூண்டது, தேடல் தடைபட்டது.

போர் முடிந்தபின், 1920 முதல் 1922 வரை ‘டானா’ என்னும் பெயருடைய கப்பல்களில் தேடலைத் தொடர்ந்தார். பெர்முடாவிற்குத் தென்கிழக்கே, சர்காசோ கடலில், பத்து மில்லிமீட்டருக்கும் குறைந்த இளவுயிரிகள் வலையில் வந்தன. அங்கிருந்து எத்திசையில் சென்றாலும் நீளம் கூடியது. சம நீளமுடைய இளவுயிரிகள் கிடைத்த இடங்களைக் கோடுகளால் இணைத்து அவர் வரைந்த வரைபடம், ஒன்றனுள் ஒன்றாகச் சுருங்கி அக்கடலையே சுட்டியது.

1930இல் டார்வின் பதக்கம் பெற்ற ஷ்மிட், 1933இல் காய்ச்சலால் மறைந்தார். முட்டையிடும் விலாங்கையோ அதன் முட்டையையோ அவர் சர்காசோ கடலில் ஒருமுறையும் கண்டதில்லை. அவருடைய முடிவு முழுவதும், வலையில் வந்த சிற்றுயிர்களின் நீளத்தின்மீதே நின்றது.