ஈரலுக்குள் ஒரு குதிர்

இந்த முறை விஞ்ஞானி பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டவர் கிளாட் பெர்னார்ட்.

இவர் 1813 ஜூலை 12 அன்று பிரான்ஸ் நாட்டில் சான் ஜூலியன் என்னும் கிராமத்தில் பிறந்தார். அப்பா திராட்சை விவசாயி. வீட்டில் வசதி இல்லை. அதனால் லியோன் நகரப் பக்கம் மருந்துக்கடை வேலைக்குப் போனார். இவருக்கு நாடகம் எழுதத்தான் ரொம்ப ஆசை. எழுதிய நாடகத்தோடு 1834-இல் பாரிஸ் போனார். அதைப் படித்த பேராசிரியர், மருத்துவம் படிக்கும்படி அறிவுரை சொன்னார். பெர்னார்டும் சோர்ந்து போகாமல் படித்தார்.

செடிகொடிகள்தான் சர்க்கரையை உண்டாக்கும், விலங்குகள் அதைச் செலவழிக்க மட்டுமே செய்யும் என்று அப்போது அறிஞர்களே நம்பினார்கள். பெர்னார்ட் நாய்களுக்கு வெறும் கறி மட்டும் போட்டார். அப்படியும் கல்லீரலிலிருந்து வரும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது! 1855-இல் ஒரு கல்லீரலைச் சர்க்கரையே இல்லாமல் போகும்வரை தண்ணீர் விட்டு அலசினார். மறுநாள் பார்த்தால் மறுபடியும் சர்க்கரை! உள்ளே ஏதோ சேமிப்பு இருப்பது புரிந்தது. 1857-இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைக்கோஜன்.

அறுவடையில் மிஞ்சின நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பார்களே, அதே மாதிரிதான். சாப்பிட்டதும் ரத்தத்தில் கூடும் சர்க்கரையைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. அதற்கும் மிஞ்சினால் கொழுப்பாகும். வயிறு காலியானால் கல்லீரல் எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். தசை தன்னிடம் உள்ளதைத் தானே செலவழித்துக்கொள்ளும். சேர்த்து வைக்கச் சொல்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். அதை 1921-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

பெர்னார்ட் உயிருள்ள நாய்களை அறுத்துச் சோதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மனைவியும் மகள்களும்கூட எதிர்த்தார்கள், கடைசியில் பிரிந்தே போனார்கள். 1878 பிப்ரவரி 10-இல் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிரான்சில் அந்த மரியாதை பெற்ற முதல் விஞ்ஞானி இவர்தான்.

எங்க அப்பத்தாவுக்குச் சுகர். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்டிலும் அதிகம் காட்டியது. ராத்திரி ஒளிச்சு வெல்லம் தின்னதாகச் சொந்தக்காரங்க திட்டவும் அப்பத்தா அழுதுட்டாங்க. ஒண்ணுமே சாப்பிடாவிட்டாலும் ராத்திரி முழுக்கக் கல்லீரல் சர்க்கரை விடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாதவங்களுக்கு அது அளவு மீறிப் போகும் என்று நான் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். அப்பத்தா பொய் சொல்லல. உங்க வீட்டிலும் யாருக்காவது இப்படி வந்தால் திட்டாதீங்க, டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.

- 9ஆம் வகுப்பு மாணவி