தாயரைக் காத்த மருத்துவர்

ஆசுதிரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவின் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரு பகுதிகள் இருந்தன. முதற் பகுதியில் மருத்துவ மாணாக்கரும், இரண்டாவதில் மருத்துவச்சியரும் தொழில் பயின்றனர். முதற் பகுதி என்ற சொல்லைக் கேட்ட அளவிலே ஏழைப் பெண்டிர் நடுங்கினர். தம்மை இரண்டாவதற்கு அனுப்புமாறு கண்ணீர் சொரிந்து இரந்தனர். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் அங்கே அத்துணைத் தாயரைக் கொன்றது.

1818-ஆம் ஆண்டு அங்கேரி நாட்டுப் பூடா நகரில் வணிகர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்த இக்னாசு செம்மல்வைசு, 1846-இல் அம்முதற் பகுதியில் துணை மருத்துவராக அமர்ந்தார். மருத்துவமனைப் பதிவேடுகள் கூறிய செய்தி அவர் நெஞ்சை உறுத்தியது. 1841 முதல் 1846 வரை முதற் பகுதியில் 20,042 பேறுகளுக்கு 1,989 தாயர் மாண்டிருந்தனர்; இரண்டாவதில் 17,791 பேறுகளுக்கு 691 பேரே மாண்டிருந்தனர். காற்றின் தீமை என்றனர் சிலர். ஒரே கூரையின்கீழ் உள்ள இரண்டிடத்தும் காற்று வேறாகுமோ? அவர் நாடோறும் காலையில் இறந்த பெண்டிரின் உடலை அறுத்துச் சோதித்தார், காரணம் புலப்படவில்லை.

1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர்தம் நண்பர் கொலெச்காவின் விரலில், பிணச்சோதனையின்போது மாணாக்கன் ஒருவனது கத்தி பட்டது. அச்சிறு புண்ணே அவரை மாய்த்தது. அவருடலிற் கண்ட அடையாளங்கள் இறந்த தாயர்பாற் கண்டவையே ஆகும். செம்மல்வைசுக்கு உண்மை பளிச்சிட்டது. பிணவறையிலிருந்து நேரே பேறுகால அறைக்கு வரும் மருத்துவரும் மாணாக்கருமே நஞ்சைத் தம் கைகளிற் சுமந்து வந்தனர். மருத்துவச்சியரோ பிணத்தைத் தொடுவதில்லை. பழைய ஏடுகளைப் புரட்டியபோது, பிணச்சோதனை வழியாக நோயாராயும் கல்வி அங்கு வேரூன்றிய 1823 முதலே சாவு பெருகிற்று என்பதும் தெளிவாயிற்று. பிணங்களை ஊக்கத்தோடு ஆராய்ந்த தாமும் பலரைக் கொன்றோமே என்று அவர் உள்ளம் வெந்தார். அதனை மறையாது எழுதியது அவரது பெருமை.

சவர்க்காரத்தாற் கழுவியும் பிணநாற்றம் கைவிட்டு நீங்காமை கண்டு, அதனைப் போக்கவல்ல குளோரின் சுண்ண நீரிற் கைகழுவுமாறு மே திங்களில் ஆணையிட்டார். ஏப்பிரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, சூனில் இரண்டளவாகக் குறைந்தது. 1848-இல் இரு திங்களில் ஒருவரும் இறந்திலர்.

ஆயினும், தம் கைகளே கொன்றன என்பதை ஒப்ப மருத்துவர் பலர்க்கு மனம் வரவில்லை. நுண்ணுயிர்க் கொள்கை நிலைபெறாத காலம் அது. 1849-இல் அவரது பதவி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே பெசுட்டு நகர்க்குத் திரும்பி, அங்கும் சாவைக் குறைத்தார். ஆனால் நூலை 1861 வரை வெளியிடாது காலந் தாழ்த்தினார். மறுத்தோரைக் கொலைஞர் எனக் கடுமொழியால் தாக்கி நண்பரையும் இழந்தார். இவை அவர்பாற் குறையே.

உள்ளம் நைந்த அவரை 1865-இல் வியன்னாவின் மனநோய் விடுதியிற் சேர்த்தனர். இரு வாரங்களுக்குள், புண்வழியே குருதி நஞ்சேறி, நாற்பத்தேழாம் அகவையில் மாண்டார். நண்பர் கொலெச்காவைக் கொண்டுசென்ற நோயும் அதுவே.