சாமிக்கண்ணு வின்சென்ட்

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் சாலை என்று ஒரு சாலை உண்டு. அவ்வழியே நாள்தோறும் செல்வோர் பலர்; அப்பெயர் வந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. 1914ஆம் ஆண்டில் அங்கு எழுந்த ஒரு படக்கொட்டகையின் பெயரே சாலைக்கும் பெயராயிற்று. அதனை எழுப்பியவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். நம் மக்கள் எதனைக் காணத் திரள்வர், எதனைக் கண்டு பாதியில் எழுந்து போவர் என்பதை அறிந்தாலன்றி வாழ இயலாத ஒரு தொழிலை, அது பிறந்த காலத்திலேயே மேற்கொண்டவர் அவர்.

அவர் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். வளர்ந்து, திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தார். இரயில்வேப் பணி என்றால் அந்நாளில் பெரும்பேறு. திங்கள் தவறாத ஊதியமும் ஊரார் மதிப்பும் அதற்கு உண்டு. அத்தகைய வேலையைக் கைவிடுமாறு எவரேனும் கூறியிருப்பின், கூறியவரைப் பித்தர் என்றே உலகம் கருதியிருக்கும்.

1905ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், படங்காட்டும் கருவியுடன் ஊர் ஊராய்ச் சென்று காட்சி நடத்தியவர், திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவர் நோயுற்றார். தாயகம் திரும்ப எண்ணியவர், கருவியையும் உடனிருந்த படச்சுருள்களையும் விற்றுவிட முனைந்தார். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். ஓர் எழுத்தருக்கு அது பல ஆண்டு ஊதியம். சாமிக்கண்ணு எப்பாடுபட்டோ பொருள் திரட்டி அவற்றை வாங்கினார், வேலையையும் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு.

வாங்கிய சுருள்களுள் ஏசுநாதர் வரலாற்றைக் காட்டும் படமும் ஒன்று. எஞ்சியவை சில நிமிடங்களே ஓடும் சிறு படங்கள். எல்லாம் பேசாப் படங்கள். அவர் கூடாரம் ஒன்று அமைத்துக் காட்சி நடத்தலானார். ஊரில் மின்விளக்கு இல்லை; ஆதலின் படங்காட்டுதற்கு வேண்டிய ஒளியையும் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடியைச் சுழற்றிச் சுருளை ஓட்ட வேண்டும். சுருளோ எளிதில் தீப்பற்றும் இயல்பினது. இவ்வளவு இடரையும் தாங்கி நடந்த காட்சியைக் காண மக்கள் வந்தனர். வெள்ளைத் திரையில் உருவம் அசைந்ததே அன்றைக்குப் போதுமான விந்தையாய் இருந்தது.

எனினும் விந்தை நெடுநாள் நில்லாது. அக்காலத்தில் படச்சுருளை வாடகைக்குப் பெறுதல் அரிது; பெரும்பாலும் விலைகொடுத்தே வாங்க வேண்டும். வாங்கிய படத்தை மக்கள் விரும்பவில்லையெனில் போட்ட முதல் பெட்டிக்குள் முடங்கிவிடும். விரும்பினாலும், ஓர் ஊரார் எல்லாரும் பார்த்து முடித்தபின் அதே படத்தை அங்கு மீண்டும் காட்டிப் பயனில்லை. ஆகவே படம் பழையதாயின் ஊரைப் புதிதாக்குவதே கூடாரக்காரர் கண்ட வழி. சாமிக்கண்ணு கூடாரத்தைச் சுருட்டி வண்டியேற்றித் தென்னாட்டு ஊர்களுக்குச் சென்றார். பின்னர் வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து இரங்கூன், மலேயா வரையிலும் சென்றார். மொழியறியாத ஊரில் படம் மக்கள் உள்ளத்தைத் தொட்டதா என்பதை எவரையும் வினவி அறிய இயலாது. கூட்டத்தின் சிரிப்பையும் அமைதியையும் கொண்டே உய்த்துணர வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. யான் சிறுவனாய் இருந்த நாளில், எங்கள் ஊர் எல்லையில் ஆண்டுதோறும் கூடாரக் கொட்டகை ஒன்று வந்து அமையும். மாலையில் மாட்டுவண்டியில் தப்பட்டை முழங்க, வண்ணத்தாளில் அச்சிட்ட நோட்டீசுகளை வீசிச் செல்வர். யாங்கள் புழுதியில் ஓடிப் பொறுக்குவோம். புதிய படம் வந்த முதல் இரவில் கொட்டகைக்காரர் திரையின் அருகே ஒரு கம்பத்தில் சாய்ந்து, திரைக்கு முதுகுகாட்டி நிற்பார். அவர் கண்கள் மணல்தரையில் அமர்ந்திருப்போர் மீதே இருக்கும். எந்த இடத்தில் தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைக்கின்றனர், எந்த இடத்தில் இளைஞர் பீடி பற்றவைக்க வெளியே எழுகின்றனர் என்று அவர் கணக்கிட்டதன் பொருள் அந்நாளில் எமக்கு விளங்கவில்லை. அப்படம் எத்தனை நாள் ஓடும் என்பதை அவர் அவ்விரவிலேயே தீர்மானித்துவிடுவாராம். பெரிய புலவர்களும் அரங்கேற்றத்தில் இவ்வாறுதான் அவையை நோக்கியிருப்பார்கள் போலும்.

நிற்க. 1909ஆம் ஆண்டில் சாமிக்கண்ணு சென்னையில் எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அமைத்துக் காட்சி நடத்தினார். பின்னர்ப் பாத்தே என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் படங்காட்டும் கருவிகளை விற்கும் முகவரும் ஆனார். தம்மைப்போல் பிறரும் கூடாரக் கொட்டகை நடத்த ஊக்கமளித்தார். தமக்குப் போட்டி பெருகுமே என்று அவர் அஞ்சவில்லை.

1914ஆம் ஆண்டில் வெரைட்டி ஹால் எழுந்தது. தென்னாட்டில் படக்காட்சிக்கெனக் கட்டப்பட்ட முதல் நிலையான அரங்குகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. கூடாரத்திலிருந்து கட்டடத்திற்கு வந்ததில் ஒரு பெரும் மாறுதல் உண்டு. கூடாரத்திற்குப் படம் ஒன்று, ஊர் பல. கட்டடத்திற்கு ஊர் ஒன்று, படம் பல. அதே ஊரார் மீண்டும் மீண்டும் வரவேண்டும். ஒருமுறை மனம் சலித்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். வேற்றூருக்குப் போய்த் தப்பவும் வழியில்லை. இனி ஊரின் நாடித்துடிப்பை அறிவதே அவருக்கு வாழ்வாயிற்று. கோயம்புத்தூரில் பொது மின்வசதி பரவுமுன்னரே அவர் தாமே எந்திரம் நிறுவி மின்னாற்றல் பெற்றார். அதனைக் கொண்டு அச்சகமும் அரிசி ஆலையும் நடத்தினார். கொட்டகைத் தொழிலின் ஏற்றத்தாழ்வை அறிந்தவரின் முன்னெச்சரிக்கை என்றே யான் இதனைக் கருதுகிறேன்.

அக்காலத்து மக்களின் விருப்பம் எத்தகையது? அமெரிக்காவிலிருந்து வந்த தொடர்படங்களில் எட்டி போலோ போன்ற நடிகர் குதித்தும் பாய்ந்தும் பகைவரை வெல்வர். ஒரு பகுதி முடிகையில் தலைவன் இடரில் சிக்கியிருப்பான். அவன் பிழைத்தானா என்று காண மறுமுறையும் கூட்டம் வரும். ஆயினும் நம் புராணக் கதைகளைக் காட்டும் படங்கள் வந்தபோது, அதுவரை கொட்டகைப் பக்கமே வாராத பெண்டிரும் முதியோரும் குடும்பத்தோடு வந்தனர். அரசினர் 1927ஆம் ஆண்டில் திவான் பகதூர் ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு குழு அமைத்து நாடெங்கும் படத்தொழிலை ஆராய்ந்தனர். கொட்டகைக்காரர் பலர் அதன்முன் சான்று கூறினர். இந்தியப் படங்களையே மக்கள் மிகுதியும் விரும்புகின்றனர், அவை போதிய அளவு கிடைக்கவில்லை என்பது அவ்விசாரணையில் தெளிவாயிற்று. மணல்தரையை நோக்கி நின்றவர்கள் முன்பே கண்ட உண்மைதான் அது.

1931ஆம் ஆண்டில் பேசும்படம் பிறந்தது. சுருளைக் கையால் சுழற்றிய காலம் போய், ஒலிக்கருவிகளுக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டிய காலம் வந்தது. பல கொட்டகைகள் கலங்கின. சாமிக்கண்ணுவோ படங்காட்டுதலோடு நில்லாமல், படமெடுக்கவும் துணிந்தார். சென்னையில் ஒலிப்படக்கூடம் 1934ஆம் ஆண்டில்தான் தோன்றியது. ஆதலின் அவர் கல்கத்தாவின் பயோனியர் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே படம் எடுக்கச் செய்தார். எடுத்துக்கொண்ட கதை யாது? புதுமைக் கதை அன்று. நாடக மேடைகளில் நாள்தோறும் நடந்த வள்ளி திருமணமே அது. கற்றோர் இதனைப் பழங்கதை என்று புறக்கணித்திருக்கக் கூடும். ஆயின் வேடனும் விருத்தனுமாய் வந்த முருகன் கதையைச் சிற்றூரார் எத்தனை முறை விடிய விடிய இருந்து கேட்டாலும் சலியார். டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த அப்படம் 1933ஆம் ஆண்டில் வெளிவந்து பெருவெற்றி கண்டது.

அதன்பின் படமெடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் செல்லும் அலைச்சலை ஒழிக்க எண்ணி, கோயம்புத்தூரிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ அமைவதற்கு மற்றவர்களோடு சேர்ந்து பாடுபட்டார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 22ஆம் நாள் அவர் காலமானார். வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்னும் பெயர் பெற்றது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1944ஆம் ஆண்டுத் தீபாவளியன்று வெளிவந்த ஹரிதாஸ், சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட படம். அது சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.