மேற்கோள் கணக்கில் அகப்படாத மேதை

ஆய்வாளர் ஒருவரின் தகைமையை, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையையும் அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய தடவைகளையும் கொண்டு நிறுக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. பதவி உயர்வும் ஆய்வு நிதியும் இவ்வெண்களைத் தழுவியே பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. இவ்வளவுகோல் எதனைக் காட்டும், எதனை மறைக்கும் என்பதை அறிய விரும்புவோர், உயிர் இரசாயனவியலாளர் எல்லப்பிரகட சுப்பாராவின் வாழ்வை நோக்குதல் பயனுடைத்து.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895 ஜனவரி 12ஆம் திகதி பிறந்த சுப்பாராவ், மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் மூன்றாவது முயற்சியிலேயே சித்தியடைந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயில்கையில், காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதர் அங்கி அணிந்து பேராசிரியரின் அதிருப்தியைத் தேடிக்கொண்டார். இதனால் முழுமையான மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியதென வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில், ஸ்புரூ எனும் குடல் நோய்க்குப் பலியாகினர். இத்துயரே அவரை ஆய்வின்பால் செலுத்தியது எனலாம்.

1922இல் பொஸ்டன் நகரை அடைந்த அவர், வைத்தியசாலையொன்றில் இரவுநேரச் சிற்றூழியம் புரிந்தவாறே ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கற்றார். அங்கு சைரஸ் பிஸ்க் என்பாருடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொஸ்பரசை நீல நிறத்தின் செறிவு கொண்டு அளவிடும் முறையை வகுத்தார். 1925இல் வெளியான அக்கட்டுரை பல்லாயிரம் தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டு, உயிர் இரசாயன வரலாற்றில் மிகுதியாகச் சுட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாயிற்று.

இம்முறையைக் கருவியாகக் கொண்டே அவ்விருவரும் தசையிலிருந்து பொஸ்போகிரியேட்டினை 1927இலும், உயிர்க்கலங்களின் சக்தி நாணயம் எனத்தக்க ஏ.டி.பி.யை 1929இலும் வெளிக்கொணர்ந்தனர். ஜேர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைத் தனித்துக் கண்டறிந்தார். லக்டிக் அமிலமே தசை இயக்கத்தின் மூலம் என்ற கொள்கை இவற்றால் ஆட்டங்கண்டது. எனினும் மேற்கோள் எண்ணிக்கையில் அளவீட்டு முறைக் கட்டுரையே மேலோங்கி நிற்கிறது. காரணம் எளிது: முறையைக் கையாள்வோர் அதன் மூலத்தைச் சுட்டியாக வேண்டும். அடிப்படை உண்மையோ பாடநூலில் ஏறியதும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. கண்டறிந்தவரை எவரும் சுட்டுவதில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. யூஜின் கார்பீல்ட் 1964இல் வெளியிட்ட விஞ்ஞான மேற்கோள் சுட்டி, கட்டுரைகளை முதல் ஆசிரியரின் பெயரின் கீழேயே நிரற்படுத்தியது. ஆதலின் சுப்பாராவின் உழைப்பு பிஸ்கின் பெயரிலேயே கணக்கில் ஏறியது. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்கள் பிஸ்கின் காரணமாக அக்காலத்தில் வெளிவராது போயின என்றும், அவற்றைப் பின்னர் பிறர் மீளக் கண்டறிய நேர்ந்தது என்றும், ஹாவர்டில் அவருடன் பணியாற்றியவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜோர்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார்.

ஹாவர்டில் நிரந்தரப் பதவி கிட்டாத நிலையில் 1940இல் நியூயோர்க் மாநிலத்தின் லெடர்லே ஆய்வுகூடத்தில் இணைந்த சுப்பாராவ், அதன் ஆய்வுப் பணிப்பாளராக உயர்ந்தார். அவரது வழிகாட்டலில் 1945இல் போலிக் அமிலம் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அது மருந்தாயிற்று என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. கட்டுரையிலோ அவர் பலருள் ஒருவர் மாத்திரமே. போலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினும் அங்கேயே உருவானது. அதனை இரத்தப் புற்றுநோயுற்ற 16 சிறுவர்களுக்கு வழங்கிய சிட்னி பார்பர், அவர்களுள் 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948இல் அறிவித்தார். அதன் உறவுப் பொருளான மெதோட்ரெக்சேற், புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்றும் பயன்படுகிறது.

அதே ஆய்வுகூடம் 1947இல் வெளிப்படுத்திய டைஎதில்கார்பமசின் எனும் மருந்து எமது நாட்டுடனும் தொடர்புடையது. இரவில் இரத்த மாதிரி எடுத்து யானைக்கால் நோய்க் கிருமியைத் தேடிய சுகாதார ஊழியர்கள் வழங்கிய மாத்திரை இதுவே. 2016இல் இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அம்மாத்திரையை விழுங்கிய இலட்சோப இலட்சம் மக்களுள் அதன் பின்னின்றவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

1948 ஆகஸ்ட் மாதத்தில், தமது 53ஆவது வயதில், தாயகம் திரும்பாமலேயே சுப்பாராவ் காலமானார். அவரது நினைவாகப் பூஞ்சணப் பேரினம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிடப்பட்டது. 1995இல் இந்தியா முத்திரை வெளியிட்டது.

மேற்கோள் கணக்கு முற்றிலும் பயனற்றதென நாம் வாதிடவில்லை. 1925ஆம் ஆண்டுக் கட்டுரையின் பயன்பாட்டை அது சரியாகவே காட்டிற்று. ஆனால் ஒரு கட்டுரை எத்துணை கையாளப்பட்டது என்பதையே அது உரைக்கும்; எவர் உழைத்தார், எவர் உயிர் பிழைத்தார் என்பதை உரைக்காது. இளம் ஆய்வாளர்களைத் தெரிவு செய்யும் பொறுப்பிலுள்ளோர் எண்களைப் பார்க்கட்டும். அத்துடன் நின்றுவிடாது கட்டுரைகளையும் வாசிக்கட்டும். இரண்டாம் பெயராகவும் பலருள் ஒருவராகவும் நிற்போரிடத்தே இன்னுமொரு சுப்பாராவ் இருக்கக்கூடும்.