இரு தரப்புக்கும் விற்றவர்

1814 ஜூலை 19ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தவர் சாமுவேல் கோல்ட். 16 வயதில் கல்கத்தாவுக்குச் சென்ற கப்பலொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ரிவோல்வரின் மாதிரியை மரத்தில் செதுக்கியபடியே ஊர் திரும்பினார் என்பார்கள். 1836இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அக்காலத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒரே சூட்டோடு ஓய்ந்துவிடும். மீண்டும் மருந்து இடவேண்டும். கோல்ட்டின் ரிவோல்வரிலும் கறுப்பு வெடிமருந்தைக் கையால்தான் இட்டார்கள். ஆனால் சுழலும் உருளையின் ஐந்தாறு அறைகளையும் முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். உள்ளே மருந்து, அதன்மேல் ஈயக்குண்டு, பின்புறம் சிறு வெடிமூடி.

போதிய விற்பனை இல்லாமல் அவரது முதல் நிறுவனம் 1842இல் மூடப்பட்டது. அவரைத் தூக்கி நிறுத்தியது போர்தான். மெக்சிகோ யுத்தத்துக்காக 1847இல் அமெரிக்க அரசு 1000 ரிவோல்வர்களுக்குக் கட்டளை கொடுத்தது. பின்னர் வடக்கும் தெற்கும் முறுகிக்கொண்டபோது இரு பக்கத்துக்கும் விற்றார். 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. மறுவருடம் ஜனவரி 10ஆம் திகதி, பெரும் செல்வந்தராக, 47 வயதில் கோல்ட் இறந்தார். போரின் முடிவை அவர் காணவில்லை.

கணவரினதும் சிறுவயதிலேயே இறந்த பிள்ளைகளினதும் நினைவாக அவரது மனைவி எலிசபெத் ஹார்ட்ஃபோர்டில் ஒரு தேவாலயம் கட்டினார். அதன் வாசலொன்றைச் சுற்றி ரிவோல்வரின் உறுப்புகள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் துயரம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த ரிவோல்வர்கள் யார் யாருடைய பிள்ளைகளைக் கொண்டுபோயின என்பதை அந்தக் கல் சொல்வதில்லை.