இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – சனவரி 30, 1874) தமிழ்நாட்டைச் சேர்ந்த அருளாளரும் கவிஞரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். வள்ளலார் என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். இறைவன் உண்டு என்பதில் உறுதியாக நின்றவாறே சமயங்களையும் மதங்களையும் மறுத்தமை இவரது கொள்கையின் தனித்தன்மையாகும்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா, சின்னம்மை இணையருக்கு ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பின்னர் குடும்பம் சென்னையில் குடியேறியது. புராணச் சொற்பொழிவாளரான தமையன் சபாபதி, தம் ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் இவரைப் படிக்க அனுப்பினார். ஆனால் இவரது நாட்டம் வழிபாட்டிலேயே இருந்தது. கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவபெருமானையும் பாடிய இவர், அக்காலத்தில் சைவ மரபிலேயே நின்றார்.

வடலூர்ப் பணிகள்

1858 அளவில் சென்னையை விட்டு நீங்கி, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் தங்கினார். 1865 இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். பஞ்சத்தால் மக்கள் பசியில் வாடுவதைக் கண்டு, 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம் பாராமல் அனைவருக்கும் உணவளிக்கும் இச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

1872 சனவரி 25 அன்று சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. எண்கோண வடிவிலான இச்சபையில் ஏழு திரைகளை நீக்கிச் சோதியைக் காண்பதே வழிபாடாகும். அதே ஆண்டில் சங்கத்தின் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றினார். வேதம் என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கியது.

சமய மறுப்பு

1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடியேற்றிப் பேருரை நிகழ்த்தினார். வேதம், ஆகமம், புராணம் ஆகியவற்றிலும், சைவம், வைணவம் முதலிய சமயங்களிலும், வேதாந்தம், சித்தாந்தம் முதலிய மதங்களிலும் பற்று வைக்க வேண்டாம் என்று அதில் அறிவுறுத்தினார். தமக்கு முன்பிருந்த சைவப் பற்றையும் அறியாமை எனக் கூறி, அதைத் தாம் கைவிட்டதாக அறிவித்தார்.

இது நாத்திகம் அன்று. நாத்திகத்தைத் தம் பாடல்களில் இவர் கடுமையாகக் கண்டித்துள்ளார். கடவுள் ஒருவரே, அவர் அருட்பெருஞ்ஜோதி, எல்லா உயிர்களிடத்தும் காட்டும் இரக்கமே அவரை அடையும் வழி என்பது இவர் கொள்கை. சாதி, சமய வேறுபாடுகள் அவ்வழியை மறைக்கின்றன என்பதே மறுப்புக்குக் காரணம். பிற்காலத்தில் பெரியார் ஈ. வெ. இராமசாமி (1879–1973) மதத்துடன் கடவுளையும் சேர்த்து மறுத்தார். சாதியை எதிர்ப்பதில் இருவரும் ஒன்றுபட்டாலும், கடவுள் நம்பிக்கையில் வேறுபட்டனர்.

எதிர்ப்பு

இவரது பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867 இல் வெளிவந்தன. இவற்றை அருட்பா, திருமுறை என அழைப்பதை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். 1869 இல் இப்பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. சமய மறுப்பு வெளிப்படையாக அமைந்த ஆறாம் திருமுறை, இவர் மறைவுக்குப் பின்னர் 1885 இல் அச்சானது.

மறைவுக்குப் பின்

1874 சனவரி 30 அன்று சித்திவளாகத்து அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். இறைவனுடன் சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

சமயம் கடந்ததாக இவர் அமைத்த சபையில் காலப்போக்கில் சைவ முறை வழிபாடு இடம்பெற்றது. அது நிறுவனரின் கொள்கைக்கு முரணானது என இந்து சமய அறநிலையத் துறை 2006 இல் ஆணையிட்டது. 2010 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்தது. இவரது பிறந்த நாளான அக்டோபர் 5, தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என 2021 இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.